டீமேக்கரின் மூக்கு

"வாய இறுக்கி மூடிக்கிட்டு, மூக்கால மட்டும் ஒரே இழுப்பு இழுங்கய்யா!" என்றாள் நர்ஸ் நிலக்ஷி.

சோலைமலை இழுத்தார். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. முகமூடியோடு பொருத்தியிருந்த குழாயில் சிவப்பு முள் மட்டும் நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"எம்பதுக்காவது ஏறணுமே ஐயா. இன்னொருக்கா இழுங்க."

"பனி மிஸ். ராகலைப் பனியில யாரு மூக்கு தொறந்திருக்கும்?"

"ஒங்களுக்கு முந்தி வந்த கிளாக்கருக்கும் இதே பனிதானே? அவருக்கு நூத்திப் பத்து."

கிளாக்கருக்கு மூக்கு இருந்து என்ன, இல்லாமல் என்ன! சோலைமலை டீமேக்கர். அரைத்துப் பரப்பிய கொழுந்தில் பச்சை வாடை போய் மணம் ஏறும் நேரத்தை மூக்கால் பிடித்து, 'அடுப்புக்கு அனுப்பு' என்று சொல்ல வேண்டியவர். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தேயிலை கெட்டது. அந்த மூக்குக்காகத்தான் அவருக்குத் தனிக் குவாட்டர்ஸ், வாசலில் ரோஜாச்செடி எல்லாம்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்திருந்தது. ஃபெக்டரியில் தூசி அதிகமாம். அதனால் எல்லோருடைய மூக்கையும் அளந்து அனுப்ப வேண்டுமாம். தூசியை அளக்கச் சொல்லவில்லை. எண்பதுக்குக் கீழே இருந்தால் டீமேக்கர் வேலை கிடையாது என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள்.

நிலக்ஷி இரண்டு மூக்கிலும் சொட்டு மருந்து விட்டாள். "வெறும் சளின்னா பத்து நிமிஷத்துல முள்ளு ஏறும். ஏறலன்னா உள்ளுக்கு சதையோ எலும்போ அடச்சிருக்குன்னு அர்த்தம்."

சோலைமலை பத்து நிமிடமும் ஃபெக்டரிச் சாமி ரோதமுனியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் நாற்பத்திரண்டுக்கு வந்தது. நிலக்ஷி குளிர்ந்த எவர்சில்வர் தகட்டை மூக்கடியில் பிடித்தாள். வலது பக்கம் பொட்டளவு ஆவி படிந்தது. இடது பக்கம் பளபளவென்று அப்படியே இருந்தது.

நிலக்ஷி எழுதிக்கொடுத்த காகிதத்தை மெனேஜர் சுதாகரன் பார்த்தார். "எத்தன நாளா இப்பிடி?"

"மூணு வருஷமா சேர்," சோலைமலை உடைந்துபோனார். "ஒரு வாசமும் தெரியாது. இந்த வேல போச்சுன்னா குவாட்டர்ஸ விட்டுட்டு திரும்ப தொழிலாளிக இருக்கற லயத்துக் காம்பராவுக்குத்தான் போவணும். அங்க என்னைப் பாத்து சிரிப்பாங்க சேர்."

"கொஞ்சம் இருங்க. இந்த மூணு வருஷமாத்தானே ஏலத்துல நம்ம தேயிலைக்கு நல்ல பேரு? 'மணம் அபாரம்'னு போன மாசங்கூட கடிதம் வந்துச்சே! மூக்கில்லாம எப்பிடிய்யா?"

சோலைமலை குரலைத் தாழ்த்தினார். "அது பேச்சியம்மாவோட மூக்கு சேர்."

பேச்சியம்மா ஃபெக்டரியில் அரைத்த கொழுந்தைப் பரப்புகிறவள். இருபது வருட அனுபவம்.

"மூக்கு போச்சுன்னு அவகிட்ட சொல்ல முடியுமா? மானம் போயிரும். அதனால குனிஞ்சு மோந்து பாக்கற மாதிரி பாத்துட்டு, 'என்னா பேச்சி, மணம் ஏறிருச்சுல்ல?'ன்னு அவளைச் சோதிக்கற மாதிரி கேப்பேன். அவ ஆமான்னதும் அடுப்புக்கு அனுப்பிருவேன். ஒரு நாளாவது அவ சொன்னது பெசகல சேர்!"

சுதாகரன் யோசித்தார். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டியிருப்பவர் அவர். அதை இறக்க அவருக்கும் மனமில்லை.

"சரி. பேச்சியம்மாவ ஒங்களுக்கு உதவியாளாப் போட்டுர்றேன். அவ மூக்கு நம்பரயும் சேத்து அனுப்பினா கொழும்பு வாயத் தொறக்காது. நீங்க குவாட்டர்ஸ்லயே இருங்க."

சோலைமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொழிலாளர் வரிசையில் கடைசியில் நின்ற பேச்சியம்மாவை அவரே ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, முகமூடியை வைத்து, ஒரே இழுப்பு இழுத்தாள்.

முள் முப்பதில் நின்றது.

சொட்டு மருந்து விட்டார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். மறுபடியும் முப்பது.

"என்னா பேச்சி இது?" என்றார் சுதாகரன்.

"தூசியில எப்பவோ அடச்சிருச்சுங்க தொர. ஆறு வருஷமா கருவாடு கருகுனாக்கூட எனக்குத் தெரியாதுங்க."

"அடிப்பாவி!" சோலைமலை அலறினார். "அப்ப மணம் ஏறிருச்சுன்னு தெனமும் எத வச்சு சொன்ன?"

பேச்சியம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நானா சொன்னேன்? ஐயாவே மோந்து பாத்துட்டு 'ஏறிருச்சுல்ல'ன்னு கேக்கறப்ப, இல்லன்னு சொல்ல எனக்கென்னங்க பைத்தியமா?"