ஊர்க் கல்லூரி வேண்டாம்

கோரின் விண்ணப்பிக்க நினைத்த ஆறு மருத்துவக் கல்லூரிகளில், அவள் முதலாவதாக எழுதியிருந்த உள்ளூர்க் கல்லூரியையே அப்பா லைல் பேனாவால் அடித்தார்.

“அப்பா! நான் ஆசைப்பட்டதே அதுக்குத்தான். வீட்டுல இருந்தே போய்ட்டு வரலாம்.”

“இன்னும் எத்தன நாளைக்கு என் சமையல்? சிகாகோவுக்குப் போ.”

“உங்க பிரஷர் மாத்திரைய யார் ஞாபகப்படுத்துவா?”

“பக்கத்து வீட்டு டோரீன் இருக்கா.”

“அவளுக்கு என் பேரே ஞாபகம் இருக்காது. உண்மையச் சொல்லுங்க, அந்தக் காலேஜ்ல யாரோடயாவது சண்டையா?”

“சண்டையா? ரொம்ப மரியாதையா என்னைச் சேத்துக்கிட்டாங்க. போன மாசம்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“இந்த வயசுல என்ன படிக்கப் போறீங்க?”

“நான் எங்க படிக்கிறது? செத்தப்புறம் என் உடம்ப வெச்சு அவங்க படிப்பாங்க.” லைல் குரலைத் தாழ்த்தினார். “முதல் வருஷமே உடம்ப அறுத்துப் பாக்குற வகுப்பாம். நீ போர்வைய விலக்குறப்ப நான் துணியில்லாம படுத்திருந்தா? எனக்கு வெக்கமா இருக்காதா?”

கோரின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேனாவைப் பிடுங்கி, அந்தக் கல்லூரியின் பெயரை மறுபடியும் பெரிதாக எழுதினாள்.

“நான் அங்கதான் படிப்பேன். டாக்டராகி வெளிய வர்ற வரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது!”