கான்வாய் வரும் சாலையில் சுண்டல்

அவள் லத்தியை ஓங்கினாள்.

நாய் எழுந்து நின்றது. பயந்துபோய் அல்ல. வாலை ஆட்டிக்கொண்டு.

சரியாகப் போச்சு.

அமைச்சர் வருகிறார் என்று சாலையை அடைத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம், இந்தப் பக்கம் போலீஸ். நடுவில் ஈ காக்கை கிடையாது, இந்தச் செவலை நாயைத் தவிர. பிறந்ததிலிருந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயந்து பயந்து கடந்த சாலை, இன்றைக்கு இப்படி வெறுமனே கிடந்தால் அதுவும்தான் என்ன செய்யும்? அப்பன் வீட்டு முற்றம் மாதிரி நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஏற்கெனவே மூன்று பேர் லத்தியோடு போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார்கள். ஓங்கினால் பின்வாங்கும். வீசினால் குதிக்கும். ஒரு வட்டம் ஓடிவிட்டு, அதே இடத்துக்கு வந்து, அடுத்தது என்ன என்று முகத்தைப் பார்க்கும். ஏட்டையா வீசிய வீச்சில் அவர் தொப்பிதான் கழன்று விழுந்தது. ஜனம் கைதட்டியது.

அதில்தான் இன்ஸ்பெக்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஒரு நாயத் தள்ள ஒரு ஸ்டேஷன் பத்தலியா? முட்டியப் பாத்துப் போடு, இசக்கி. படுத்துட்டா இழுத்து ஓரமாப் போட்டுரலாம்.”

போடு என்றால் போட வேண்டியதுதான். வேலையில் சேர்ந்து அவளுக்கு இது முதல் பந்தோபஸ்து.

ஓடுகிறவனை முட்டிக்குக் கீழே எப்படி அடிப்பது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். வாலாட்டிக்கொண்டு நிற்பதை எப்படி அடிப்பது என்று சொல்லித் தரவில்லை.

அதன் கழுத்தில் சிவப்பு நாடா. பிய்த்துக்கொண்டு வந்த கயிற்றின் மிச்சம் அதில் தொங்கியது.

நாய்க்குச் சொந்தக்காரி சர்பத் வண்டி பிரமு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, சுண்டல், சுண்டல் என்று கூப்பிட்டே தொண்டை கட்டிவிட்டது. விட்டால் நானே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். பொதுஜனம் கயிற்றைத் தாண்டக் கூடாதாம். உத்தரவு.

சுண்டல் யார் கூப்பிடுவதையும் கேட்கிற நிலையில் இல்லை. அதன் கண் லத்தியை விட்டு இறங்கவில்லை.

“எம்மா, அடிச்சிராதம்மா. கம்ப ஓங்குனா அது வெளையாட்டுனு நெனைக்கும். தூர எறி, பின்னாலயே ஓடிரும்,” என்றாள் பிரமு.

எறிவதா?

லத்தி கையை விட்டுப் போகக் கூடாது. பயிற்சியில் ஒருமுறை நழுவவிட்டதற்கு, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்ற வைத்தார்கள். தோள்பட்டை கழன்றே போயிற்று. இங்கே, இத்தனை பேர் பார்க்க எறிந்தால் மெமோ நிச்சயம். மெமோவோடு போனால் புண்ணியம்.

தூரத்தில் சைரன் கேட்டது.

“போடுங்கிறேன்ல,” என்றார் இன்ஸ்பெக்டர்.

லத்தி இன்னும் மேலே போனது. பிரமு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இசக்கி எறிந்தாள்.

கயிற்றையும் ஜனத்தையும் தாண்டிப் போய், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் விழுந்தது. அது விழுவதற்குள் சுண்டல் ஆட்களின் கால்களுக்குள் நுழைந்து மறைந்துவிட்டது.

சாலை காலி.

“ரூட் கிளியர், ஐயா,” என்று இன்ஸ்பெக்டர் மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மெமோவே தேவலை.

அவள் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். முதுகைச் சாலைக்குக் காட்டி, ஜனத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அதுதான் முறை. நின்றாள். வெறுங்கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

பின்னால் வண்டிகள் சர் சர்ரென்று போக ஆரம்பித்தன.

முன்னால் ஜனம் விலகியது.

சுண்டல் வந்துகொண்டிருந்தது. தன்னைவிட நீளமான லத்தியைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு முழங்கால், அந்தப் பக்கம் ஒரு முழங்கால் என்று இடித்துக்கொண்டே வந்தது. மாலையோடு நின்ற கட்சிக்காரர் ஒருவர் வேட்டியை வாரிப் பிடித்துக்கொண்டு துள்ளினார். அந்த ஊரில் எத்தனையோ தடியடி நடந்திருக்கிறது. ஜனம் சிரித்துக்கொண்டே அடி வாங்கியது அன்றைக்குத்தான்.

கயிற்றுக்கு அடியில் தலையை நீட்டி, லத்தியை அவள் பூட்ஸ் மேல் போட்டது. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

அமைச்சர் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டுக்கொண்டே போனாராம். யாரும் பார்க்கவில்லை.

கடைசி வண்டியும் போனது. கயிற்றை அவிழ்த்தார்கள். பிரமு ஓடிவந்து சுண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். இசக்கி விறைத்து நின்றாள். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

அவர் குனிந்து லத்தியை எடுத்தார். அதில் பல் பதிந்திருந்தது. எச்சில் வழிந்தது. கர்ச்சீப்பை எடுத்து, முழுசாகத் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

“சாயங்காலம் இதே வழியாத்தான் திரும்புறாரு.”

“சரிங்கய்யா.”

போகப் போனவர் நின்றார். சுண்டலைப் பார்த்தார். சுண்டலும் அவரைப் பார்த்தது. கக்கத்தில் இடுக்கியிருந்த தன் கைப்பிரம்பை உருவினார். முனையில் பளபளவென்று பூண் போட்ட சின்னப் பிரம்பு. அதையும் அவள் கையில் திணித்தார்.

“லத்தி நீளம் ஜாஸ்தி. அதுக்கு வாய் வலிக்கும்.”

அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறிக்கொண்டார்.