கையெழுத்துக்குப் புதுப் பேனா

மூடி வரவில்லை.

மாப்பிள்ளை ஜெயபாலன் மறுபடி இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர மூடி அசையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பதிவதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே மழை. தைப்பிங்கில் மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம்.

என் தங்கை நவமணி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது. வாதத்தில் விழுந்த அம்மாவைக் கழுவித் துடைத்தே நாலு வருடம் போயிற்று. இந்தக் கல்யாணமும் நின்றால் இனி ஒருத்தன் வரமாட்டான் என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பேனாவைக் கடைந்தவன் நான். லகாட்டில் ஒரு நாற்காலிப் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக மரம் கடைகிறேன். உடம்பு ரப்பர் மரம், மூடி தேக்கு, உள்ளே கடையில் வாங்கிய ரீஃபில். உப்புத்தாள் போட்டு மூன்று தடவை தேய்த்து, வார்னிஷ் பூசி, மறுபடி தேய்த்து, மறுபடி பூசினேன். மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் நகம்கூட மாட்டாது. அப்படி ஒரு பொருத்தம்.

கடையில் விற்கிற பேனாவுக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். எல்லாம் ஜெயபாலனின் அம்மா காளியம்மாவின் வாய். கல்யாணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று மலேசியாவில் சட்டம் வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் அதற்கும் ஒரு சாங்கியம் உண்டாக்கிவிட்டாள். பரிசம் போட வந்த அன்றே சொன்னாள்.

"கையெழுத்துக்கு எரவல் பேனா தொடக்கூடாதுலா தம்பி. எரவல் தாலி கட்டுனா மாதிரி. பொண்ணு வீட்டுலதான் புதுசா கொண்டாரணும்."

என் தங்கைக்கு என் கையாலேயே செய்கிறேன் என்றேன். நவமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பேனா என் கைக்கு வந்தது. நானும் இழுத்தேன். உள்ளங்கை சிவக்க இழுத்தேன்.

அதிகாரி பொறுமை இழந்து தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். ஜெயபாலன் கையைக் கொண்டுபோனான். காளியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்யா. மூடியே தெறக்கல. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்? எந்திரி, போலாம்."

கமுந்திங் தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர் இவன். அம்மாவின் பிடியிலிருந்து ஒரு கையை உருவ முடியவில்லை. தூ, இவனெல்லாம் ஓர் ஆம்பிளை!

அப்போது நவமணி ஒன்று செய்தாள். யாரையும் கேட்கவில்லை. அதிகாரியின் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை ஜெயபாலனிடம் நீட்டினாள்.

அவன் பேனாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

அவர்கள் படியிறங்கிக் குடை விரிக்கிற சத்தம் கேட்டது. நவமணி நீட்டிய கை அப்படியே இருந்தது. அதிகாரிதான் மெதுவாகப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

லகாட் வருகிற வரைக்கும் பஸ்ஸில் நான் காளியம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாசமாய்ப் போகிறவள், சகுனம் பார்க்கிற மூஞ்சியைப் பார், அவள் மகனுக்கு எவள் வாழ்க்கைப்படுவாள் பார்க்கலாம் என்றேன். நவமணி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பில் உலை வைத்தாள். அம்மாவின் கஞ்சிக்கு அரிசி எடுக்க, பாதிக்கு மேல் காலியாகியிருந்த டின்னின் அடிவரைக்கும் கையை விட்டாள்.

கை நின்றது.

அரிசிக்குள்ளிருந்து ஒரு பேனாவை வெளியே எடுத்தாள். ரப்பர் மர உடம்பு, தேக்கு மூடி. வார்னிஷ் மட்டும் இல்லை.

எடுத்து ஒளிக்க மறந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதுதான் முதலில் செய்து பார்த்த பேனா. மூடிக்குள் போகிற நுனியை எண்ணெய் பூசாமல் பச்சையாக விட்டு, ஈரத்துணியில் ஒரு ராத்திரி சுற்றி வைத்தேன். ரப்பர் மரம் உப்பி, மூடியைக் கவ்விக்கொண்டது. அரிசி டின்னின் அடியில் புதைத்தேன். நாலு நாளில் ஈரம் வற்றி, சுருங்கி, லேசாகத் திறந்தது; பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே செருகினேன். எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு இறுகும் என்று கணக்குத் தெரிந்துவிட்டது. அதே அளவில்தான் கல்யாணப் பேனாவைக் கடைந்தேன். வெளியே மட்டும் பளபளவென்று வார்னிஷ். நேற்று முழுக்க அது ஈரத்துணிக்குள்தான் இருந்தது.

இவள் கல்யாணமாகிக் கமுந்திங் போய்விட்டால் அம்மாவின் பீத்துணியை யார் மாற்றுவது? நானா?

நவமணி மூடியை இழுத்தாள். வந்தது. மூடினாள். மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது.

அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, போன வருசம் பத்துகாஜாவுலேருந்து பொண்ணு பாக்க வந்தாங்களே... அவங்ககிட்ட என்னா சொன்ன?"

உலை கொதித்து மூடியைத் தள்ளியது. அவள் அசையாமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.

உள்ளே அம்மா முனகினாள். புரட்டிப் போட வேண்டிய நேரம்.

நவமணி பேனாவை என் காலடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.