கம்பெனிப் பல்

நூலைக் கடித்துக் கடித்தே கோகிலவாணியின் முன்பல் பாதி உடைந்துபோனது. திருப்பூரில் அவள் தைக்கும் பனியன் கம்பெனிக்குள்ளேயே பல் டாக்டர் இருந்தார்.

"ஒரு மணி நேரத்துல பல்லு மேல கேப் போட்டுரலாம்மா. கம்பெனி செலவு."

"வேலை நேரத்துல பேசுனா ஆபீசுக்குப் போட்டுக் குடுக்கற பல்லுதானுங்களே?"

"இங்க நூல் கடிக்காத டெய்லர் யாரு? எல்லாருக்கும் அதான். சாதாப் பல்லுதான் வேணும்னா வெளிய லேப்ல செஞ்சு வர பதினஞ்சு நாளாகும். அதுவரைக்கும் ஓட்டைப் பல்லோட திரியணும்."

"திரிஞ்சுட்டுப் போறனுங்க. என்ற வாய், நான் பேசுவேன்."

தையல் வரிசையில் நாற்பது மெஷின்கள் இரைந்தன. நாற்பது வாய்களும் மூடியிருந்தன. கோகிலவாணி உட்கார்ந்ததும் பல் உடைந்த கதையை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள். ஓட்டை வழியே ஒவ்வொரு வார்த்தையும் விசிலடித்தது. பெண்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். கம்பெனிப் பல் கேட்ட பேச்செல்லாம் வந்து ஏறும் தன் கைத்திரையை சூப்பர்வைசர் தட்டித் தட்டிப் பார்த்தார். அதில் அவள் பேச்சு ஏறவே இல்லை.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கம்பெனிப் பல் கட்டிய நாளிலிருந்து வேலை நேரத்தில் வாயே திறக்காத பக்கத்து மெஷின் நவமணி நிமிர்ந்தாள்.

"அப்புறம் என்னாச்சுக்கா?"

கைத்திரை கீச்சிட்டது. நவமணி அதைவிடச் சத்தமாக மறுபடியும் கேட்டாள்.