எசேக்கியேலைக் காட்டிக்கொடுத்த கடிதம்

"உங்க கொள்ளுத்தாத்தா எழுதின கடுதாசி இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. வெளியில வரட்டும், அப்புறம் பேசு!" என்று மேசையைத் தட்டினார் மெர்வின் கெத்தின்.

"மெதுவாத் தட்டுங்க. பெட்டிக்கு நூறு வயசு" என்றாள் ஆவணக் காப்பகத்து ஓல்வென். "அந்தக் காலத்துல பட்டாளத்துக்கு ஆள் சேர்த்த வக்கீல் வீட்டுப் பரண்ல கிடந்தது. போன மாசம்தான் எங்க கைக்கே வந்தது."

எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார் பேக்கரி கிளின் புரோசர். "எங்க தாத்தாவாவது, கடுதாசி எழுதறதாவது! கல்யாணப் பதிவேட்டுலயே பேர் எழுதத் தெரியாம பெருக்கல் குறி போட்ட மனுஷன் அவரு."

"ஆள் வெச்சு எழுதியிருப்பான்!"

நாளை மறுநாள் சனிக்கிழமை. மெர்வினின் ஒரே மகள் நெரிசுக்கும் கிளினின் மகனுக்கும் ஊர்த் தேவாலயமான சாப்பலில் கல்யாணம். 'புரோசர் வீட்டார் மன்னிப்புக் கேட்காமல் உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போக மாட்டேன்' என்று மகளிடம் சொல்லிவிட்டார் மெர்வின். அவளா சளைத்தவள்? "நானே தனியா நடந்து போய்க்கறேன்ப்பா. ஆனா அதுக்கப்புறம் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பெண். அவளைப் பிரிய மெர்வினுக்கு மனசில்லை. வாய்விட்டுச் சொல்லத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

எல்லாம் 1916இல் ஆரம்பித்த வினை. ஊர் ஊராகப் பட்டாளத்துக்கு ஆள் பிடித்த காலம். கப்பல் ஓட நிலக்கரி வேண்டும் என்பதால் சுரங்கத் தொழிலாளிகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் மெர்வினின் கொள்ளுத்தாத்தா எசேக்கியேலுக்கு ஒருநாள் பட்டாளத்து ஓலை வந்தது. யாரோ கடிதம் எழுதிக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. புறாப் பந்தயத்தில் அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்த பக்கத்து வீட்டு ஐவர் புரோசரைத் தவிர வேறு யாராக இருக்கும்? அன்றிலிருந்து கெத்தின் வீட்டார் புரோசர் கடை ரொட்டியைத் தொடுவதில்லை. மலை தாண்டிப் போய் ரொட்டி வாங்கி, அதை மழையில் நனைத்துக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகம்மா" என்றார் கிளின். "சுரங்கத்து ஆளை எப்படிக் கூப்பிட்டாங்க?"

"ஷிஃப்டுக்கு ஒழுங்காப் போகாதவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது" என்றாள் ஓல்வென்.

மெர்வினுக்கு மூக்கு சிவந்தது. "எங்க தாத்தா ஒரு ஷிஃப்ட் விட்டவர் இல்ல! ஹெப்சிபா பாட்டி சாகற வரைக்கும் சொல்லும், 'என் புருஷன் தங்கம், அந்தப் புரோசர் நாக்குதான் விஷம்'னு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன்!"

"சரி, எங்க ஆளு எழுதியிருந்தா சாப்பல்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். இல்லேன்னா?"

"இல்லேன்னா என் பொண்ணை நானே கூட்டிட்டு வர்றேன். உன் ரொட்டியையும் தின்னு தொலைக்கறேன்."

"கல்யாண கேக்கும் எங்க கடைதான்."

"அதையும்தான்யா!"

ஓல்வென் பழுப்பேறிய தாள் ஒன்றை உருவினாள். மெர்வின் பாய்ந்து வாங்கினார். "குடு, நானே படிக்கறேன். இவன் படிச்சா பாதி வரியை முழுங்கிடுவான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காப்பகம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்:

"'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் தெருவில் நான்காம் எண் வீட்டு எசேக்கியேல் கெத்தின், சுரங்க வேலை என்று சொல்லிப் பட்டாளத்துக்குத் தப்பிக்கொண்டிருக்கிறார். திங்கள், செவ்வாயில் அவர் சுரங்கப் பக்கமே போவதில்லை. புறாக் கொட்டகையில் படுத்துத் தூங்குகிறார்...'"

"ஒரு ஷிஃப்ட் விட்டவர் இல்லையாக்கும்!" என்றார் கிளின்.

"பொய்யி! பொறாமைக்காரன் வேற எப்படி எழுதுவான்? கேளு. 'ஆள் திடகாத்திரம். பீரங்கிச் சத்தத்துக்கு அஞ்ச மாட்டார். அவர் குறட்டை அதைவிடப் பெரிது.'" மெர்வின் தாளை உயர்த்தி ஆட்டினார். "குறட்டை வரைக்கும் எழுதியிருக்கான் பாரு! சுவத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது யாரு? உங்க ஆளுதானே? மாட்டினியா சம்பந்தி!"

கிளினின் முகம் தொங்கிப்போனது. "சரி, கையெழுத்தையும் படிச்சிடு. மன்னிப்புக் கேட்டுத் தொலைக்கறேன்."

மெர்வின் வெற்றிச் சிரிப்போடு தாளைத் திருப்பினார். சிரிப்பு அப்படியே நின்றது. ஓல்வென் மெதுவாகத் தாளை வாங்கிப் படித்தாள்:

"'இப்படிக்கு, அவர் மனைவி ஹெப்சிபா. பின்குறிப்பு: போர் முடிந்தாலும் அவரை அனுப்ப அவசரம் வேண்டாம். யாராவது கேட்டால், பக்கத்து வீட்டுப் புரோசர் எழுதியதாகச் சொல்லிக்கொள்கிறேன்.'"