பாதத்தின் மேல்புறம்

அம்மாவின் வலது பாதத்தின் மேல் டாக்டர் இரண்டு விரல்களை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"துடிப்பு இல்லை. முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்."

கத்திரிக்காய்க் காம்பைக் கிள்ளச் சொல்கிற குரல்.

"ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பார்த்தா?" என்றாள் மகள். "அடைப்பை பலூன் வச்சுத் திறக்கலாம்னு போன தடவை சின்ன டாக்டரம்மா சொன்னாங்களே."

"துடிப்பு இருந்தாத்தான்மா அதெல்லாம். செத்த காலுக்கு எதுக்கு ஸ்கேன்?"

எழுந்து அறை மூலைக்குப் போனார்.

எச்.ஐ.வி. மாத்திரையை அம்மா வருஷக்கணக்காக ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. கிருமி வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. ரத்தக்குழாய்தான் வயசுக்கு முந்திக்கொண்டு அடைத்துப்போனது. இந்த நோய்க்காரர்களுக்கு அப்படியும் வரும் என்று யாரும் சொன்னதில்லை. கட்டைவிரல் கறுத்த பிறகு சொன்னார்கள்.

மகளுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கட்டில் காலில் ஏறியிருந்த துருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, செருப்பை ஒத்தையா விப்பாங்களா?" என்றாள் அம்மா.

பாதம் சில்லென்று கிடந்தது. மூடிவிடலாம் என்று போர்வையை இழுத்தவள், கை போன போக்கில், துடிப்பு பார்க்கச் சின்ன டாக்டரம்மா போன தடவை சொல்லிக்கொடுத்த இடத்தில் விரலை வைத்தாள்.

ஏதோ தட்டியது.

அழுத்தாமல் நின்றாள். மறுபடியும் தட்டியது.

பதற்றத்தில் தொட்டால் நம் விரலில் ஓடுகிற துடிப்பையே அவர்களுடையது என்று நினைத்துவிடுவோம் என்றும் சின்ன டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்னொரு கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

கழுத்தில் நாய் துரத்தினாற்போல ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு இவ்வளவு கோபம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பாதத்தில் ஓடவில்லை. அம்மா தெருவில் நடப்பதுபோல, இழுத்து இழுத்து, ஆனால் நிற்காமல் வந்தது.

இது அம்மாவுடையது.

விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள்.

டாக்டர் குப்பைக்கூடை பக்கத்தில் நின்று கையுறையை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி விழுந்தது.

அடியில் இன்னொரு ஜோடி. அதுவும் விழுந்தது.

மூன்றாவது ஜோடியையும் உரித்த பிறகுதான் அவருடைய விரல்கள் வெளியே வந்தன.

"டாக்டர்," என்றாள். "இப்ப வந்து தொடுங்க."