பதினோரு கிலோமீட்டர்

பயிற்சியாளர் தாளைப் பிரித்ததும் உடை மாற்றும் அறை அடங்கிப்போனது.

பெஞ்சு ஓரத்தில் இருந்த இவன் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

கால்பந்து ஆட்டக்காரர்களின் பனியனில், முதுகுப் பக்கம், தீப்பெட்டி அளவில் நம்பர் போட்ட ஒரு கருவி இருக்கும். யார் எவ்வளவு ஓடினார் என்று போட்டுக்கொடுத்துவிடும். காலையில் ஆட்டத்துக்கு முன், அணியில் எல்லோரும் பம்பரம் என்று கூப்பிடுகிறவன் முகம் கழுவப் போன நேரத்தில் இவன் இருவரின் கருவிகளையும் மாற்றிச் செருகிவிட்டான்.

கோல் காப்பவனுக்கு ஐந்து கிலோமீட்டர் போதும்; அவன் பாடெல்லாம் விழுந்து எழுவதில். இவன் நடுக்களம். பத்துக்குக் கீழே போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வாரமாக மூச்சு இரைக்கிறது. பம்பரமோ வலது ஓரத் தடுப்பாட்டக்காரன், கோட்டோரமாக மேலும் கீழும் பறந்துகொண்டே இருப்பவன். ஒரே ஒருநாள் அவன் கால்களை இரவல் வாங்கினால் என்ன?

"நடுக்களம், பதினொண்ணு! தொடருக்கு நீ வர்ற" என்றார் பயிற்சியாளர்.

யாரோ முதுகில் ஓங்கித் தட்டினார்கள். எரிந்தது.

"பம்பரம், ஏழு. என்னப்பா, கோட்டோரமா காத்து வாங்கப் போனியா? இந்தத் தடவை நீ வேண்டாம்."

அறை சிரித்தது. பம்பரமும் சிரித்தான். பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான், துடைக்கவில்லை.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தான். அதற்குள் பயிற்சியாளர் அடுத்த பெயரை வாசித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு பம்பரம் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கால் வீங்கியிருந்ததை இவன் அப்போதுதான் பார்த்தான்.

"டேய், அந்த ஏழு..." என்று ஆரம்பித்தான்.

"ஏழு ஓடினதே பெரிசுடா, இந்தக் காலை வச்சிக்கிட்டு. சார்கிட்ட மூச்சு விட்டுடாத" என்றான் பம்பரம். "அது கிடக்கட்டும், காலைல ஒரு கூத்து. உன் கருவி என் பனியன்ல இருந்துச்சு. எவனோ அவசரத்துல மாத்திச் செருகிட்டான் போல. நல்லவேளை, நீ பனியன் போடுறதுக்கு முன்னாடியே நம்பரைப் பார்த்துத் திரும்ப மாத்திட்டேன். இல்லேன்னா நீ நாயா ஓடினதெல்லாம் என் பேர்ல ஏறியிருக்கும்டா!"